நோபர்ட் பாஸின் முதல் வரிக் கணக்கு

மாத்தளை டவுனில் ஒரு வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே அது எந்தக் காலத்தில் போட்டதென்று நோபர்ட் பாஸ் சொல்லிவிடுவார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு போட்டவை நெருக்கமான நேர்க்கம்பிகள். அழகு பார்க்க யாருக்கும் மனமில்லாத நேரம் அது. எண்பத்தொன்பதில் யார் எப்போது வந்து கதவைத் தட்டுவார்களோ என்று எல்லா இன ஆட்களும் நடுங்கிக் கிடந்தபோது கம்பி தடித்தது. மரக்கதவுக்கு முன்னால் இரும்பில் இன்னொரு கதவும் வந்தது. இரண்டாயிரத்து இரண்டில் சமாதான ஒப்பந்தம் எழுதிய பிறகுதான் இலையும் கொடியும் வளைத்த கேட் வேண்டுமென்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஊருக்குப் பயம் கூடியபோது அவருக்கு வேலை கூடியது. பயம் கொஞ்சம் குறைந்த பிறகும் வேலை குறையவில்லை. ஆனால் அவருடைய சொந்தப் பயம் மட்டும் அப்படியே இருந்தது.

அவர் பிறந்தது இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா லோரன்ஸ் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்புக்கு விறகு போடுகிறவர். அம்மா சவரியம்மா கொழுந்து எடுப்பவள். ஸ்டோரில் இயந்திரம் பழுதாகும்போதெல்லாம் வெல்டிங் வைக்க ஆள் வரும். நோபர்ட் அங்கேயே நின்று பார்த்து வேலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு டவுனுக்கு இறங்கி ஒரு கராஜில் சேர்ந்தார். எண்பத்து மூன்றில் அந்தக் கராஜ் எரிந்தது. முதலாளி இந்தியாவுக்குப் போய்விட்டார். எரிந்த இடத்தில் கிடந்த இரும்பில் உருப்படியானதை விலைக்கு வாங்கி, பக்கத்துத் தெருவில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு பழைய வெல்டிங் பிளாண்டோடு நோபர்ட் தொழிலை ஆரம்பித்தார். கோயிலில் பாட்டுப் பாடும் அந்தோனியம்மாவைக் கல்யாணம் முடித்தார். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். வேலை சுத்தம் என்ற பெயர் மெல்ல மெல்ல வந்தது. கைத்தொழில் தெரிந்தவர்களைக் கூப்பிடுகிற மாதிரி 'பாஸ்' என்று ஊர் கூப்பிட்டது.

கணக்கு என்று அவர் எதையும் எழுதி வைத்ததில்லை. கொட்டகையின் உள்சுவர்தான் எல்லாம். சோக்கட்டியால் கேட்டின் நீளம், அகலம், ஆளின் பெயர், வாங்கிய அட்வான்ஸ் எல்லாவற்றையும் அங்கேதான் எழுதுவார். வேலை முடிந்து காசு வந்ததும் ஒரு கோடு. ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின வாரம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்; அந்த வருஷத்துக் கணக்கு அதோடு முடிந்தது.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர் எப்போதும் தராசுக்கு அந்தப் பக்கம் நிற்பார். அம்மா மழையில் நனைந்து எடுத்து வரும் கொழுந்தில் தண்ணீருக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழித்து எழுதுவதைச் சின்ன வயதில் அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அம்மா ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. கணக்கு எழுதுகிற ஆள் தன் பக்கத்தில் நிற்க முடியும் என்று நோபர்ட்டுக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் காலையில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. கொட்டகையில் ஒக்சிஜன் சிலிண்டர் இருந்தது, காஸ் சிலிண்டர் இருந்தது, மூலையில் அறுத்த பைப் துண்டுகள் குவிந்து கிடந்தன. உள்ளே நின்றவர் தமிழர். குண்டு செய்கிறாரென்று சந்தேகப்பட அந்தக் காலத்தில் அவ்வளவு போதும். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பங்குச் சுவாமியும், இரும்புக்கடை வைத்திருந்த ஒரு சிங்கள முதலாளியும் திரும்பத் திரும்பப் போய் நின்று, இந்த மனிதர் கேட் செய்கிறவர், வேறொன்றும் செய்கிறவரில்லை என்று சொல்லி அவரை வெளியே எடுத்தார்கள். சிலிண்டர்கள் திரும்பி வர மாசக்கணக்காயிற்று. அதுவரை வேலை இல்லை. இந்தக் கதையை அவர் யாருக்கும் சொல்வதில்லை. வீட்டிலும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் முத்திரை குத்திய உறை எதைக் கண்டாலும் தான் தொடாமல் அந்தோனியம்மாவிடம் தள்ளிவிடுவார்.

அப்படி ஒரு உறை இரண்டாயிரத்து மூன்றில் பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிய அந்தோனியம்மா அதைப் பிரிக்காமல், சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, வெயிலில் கொட்டகைக்கு நடந்து வந்தாள்.

"இங்க பாருங்க. இது வந்திருக்கு."

நோபர்ட் முகமூடியைக் கழற்றினார். உறையில் அரசாங்க இலச்சினை இருந்தது. பிளாண்டை அணைத்தார். கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"நீயே பிரி" என்றார்.

"எனக்கு சிங்களம் வாசிக்க வராதே."

சிங்களம் பேசுவதில் அவரை அடிக்க ஆளில்லை. வாசிப்பதுதான் எழுத்தெழுத்தாகப் போகும். கொட்டகை வாசலில் வெளிச்சத்துக்கு வந்து நின்று முதல் வரியைக் கூட்டினார். இரண்டாவது வரியில், சிங்களத்தில் வருமானத்தைக் குறிக்கும் 'ஆதாயம்' என்ற சொல் வந்தது. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"அந்தோனி, இது பொலிஸ் இல்ல. வருமான வரி."

"என்னது?"

"வரி! வரி கட்டச் சொல்லி எழுதியிருக்காங்க!"

வரி கேட்டு வந்த கடிதத்துக்கு அந்த ஊரில் அதற்கு முன்னால் யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தோனியம்மா அங்கேயே இரும்புக் குவியலின் மேல் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சிரித்தாள். நோபர்ட்டும் சிரித்தார். எதிர்க்கடையில் டீ சொல்லி இரண்டு பேரும் குடித்தார்கள்.

டீ குடித்து முடிகிற மட்டும்தான் அந்த நிம்மதி. கடிதத்தை முழுக்க வாசித்தபோது, தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு அவர் மாடிப்படிக் கைப்பிடி செய்து கொடுத்ததும், அதற்குச் செக் வாங்கியதும் அதில் இருந்தது. ஹோட்டல் தன்னுடைய கணக்கில் அவருடைய பெயரை எழுதியிருக்கிறது. இனி அவர் வரிக் கோப்புத் திறக்க வேண்டும். கடந்த மூன்று வருஷத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

மூன்று வருஷமும் சுண்ணாம்புக்கு அடியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நோபர்ட் ஒஸ்வல்ட் ஐயாவைப் பிடித்தார். கண்டியில் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவர் அவர். கோயில் சனத்துக்கு விண்ணப்பம் நிரப்புவது, கடிதம் எழுதுவது எல்லாம் அவர்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"நோபர்ட், இது லேசுப்பட்ட விஷயமில்ல."

"ஏன் ஐயா?"

"மூணு வருஷம் மறைச்சிருக்கீங்க. பட்டறைக்கு சீல் வைக்கலாம். ஆளையே உள்ள போடலாம்."

'உள்ள' என்ற சொல்லைக் கேட்டதும், வேறு யாருக்கும் காதில் விழுந்ததோ என்று நோபர்ட் சுற்றிப் பார்த்தார்.

"நான் பார்த்துக்கிறேன். எனக்கு அங்க ஆள் இருக்கு. நாப்பதாயிரம் ஆகும். அதோட, எவ்வளவு வரி குறைச்சுத் தாறேனோ அதுல காவாசி எனக்கு. பாதிக் காசை முதல்ல குடுத்துருங்க."

"ரசீது…"

"இது ரசீது போடுற வேலையா நோபர்ட்?"

வீட்டுக்கு வந்து அவர் இதைச் சொன்னபோது அந்தோனியம்மா சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். எக்கவுண்டன்மாருக்கு என்ன கூலி கொடுக்க வேண்டுமென்று அவர்களுக்குத் தெரிந்த யாருக்கும் தெரியாது. மேசன் பாஸுக்கு நாள் கூலி தெரியும், வயரிங் பாஸ் ஒரு பொயின்டுக்கு என்ன எடுப்பார் என்று தெரியும். கணக்குப் பார்க்கிறவருக்கு எவ்வளவு? நாற்பதாயிரம் என்றால் அதுதான் விலைபோலும் என்று நோபர்ட் நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் தன்னுடைய இரண்டாவது வெல்டிங் பிளாண்டை விற்க ஜமால்தீன் நானாவிடம் போனார். ஜமால்தீன் பின்தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர்; முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். நோபர்ட்டுக்கு வேண்டிய புஷ், கீல் எல்லாம் அவர்தான் கடைந்து கொடுப்பார். போன வருஷம்தான் வாங்கிய பிளாண்டை ஏன் விற்கிறீர்கள் என்று அவர் கேட்டார். நோபர்ட் மழுப்பினார். ஜமால்தீன் லேத்தை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை கேட்டார். விஷயம் வெளியே வந்தது.

"நாப்பதாயிரமா?" ஜமால்தீன் தலையில் கையை வைத்தார். "யா அல்லாஹ்! நான் வருஷத்துக்கு ஆறாயிரம் குடுக்கிறேன், நோபர்ட்."

"ஆறா?"

"ஆறுதான். எட்டு வருஷமா பைல் ஓடுது. தச்சுப் பட்டறை மர்சூக் நாலுதான் குடுக்கிறார். அவர் பில்லெல்லாம் ஒழுங்கா அடுக்கிக் கொண்டுபோய் வச்சிருவார், அதனால குறைவு. ஹாட்வெயார் கடைக்காரங்க இருபது, இருபத்தஞ்சு குடுப்பாங்க. அவங்களுக்கு வற் வரி இருக்கு, சாமான் கணக்கு இருக்கு, சம்பளத்துக்கு ஆள் இருக்கு. நமக்கு என்ன இருக்கு? கை ரெண்டு, மெஷின் ஒண்ணு."

"எனக்கு மூணு வருஷத்துக் கணக்காச்சே நானா."

"மூணுக்கும் சேர்த்துக் கேப்போம். மறுகா என்ன? வாங்க, இப்பவே போவோம்."

ஜமால்தீனின் கணக்கைப் பார்க்கும் கைறுன்னிஸாவின் கந்தோர் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. குறுகலான படி. கைப்பிடி ஒரு இடத்தில் ஆடியது; நோபர்ட்டின் கை தானாகவே அந்த இடத்தை அமுக்கிப் பார்த்தது. உள்ளே இரண்டு மேசை, அலுமாரி நிறையக் கோப்புகள், ஜன்னலோரம் ஒரு பழைய மின்விசிறி. கைறுன்னிஸாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கொழும்பில் படித்து, ஒரு கம்பெனியில் வேலை செய்துவிட்டு, வாப்பாவுக்குச் சுகமில்லாமல் ஊருக்குத் திரும்பியவர்.

ஜமால்தீன் அறிமுகம் செய்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நோபர்ட் கதிரை விளிம்பில் உட்கார்ந்து எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"மிஸ், எவ்வளவு ஆகும்?"

"பாஸ், உங்களுக்கு யாராவது போன் பண்ணி 'கேட் ஒண்ணு எவ்வளவு?'ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"வந்து அளந்து பார்த்துத்தான் சொல்வேன்."

"நானும் அளந்து பார்க்கணும்."

அவர் கேட்டார், இவர் சொன்னார். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? ஒருவரும் நிரந்தரமாக இல்லை. பெரிய வேலைக்கு ஒரு ஆளை நாள் கூலிக்குப் பிடிப்பார். பாங்க் கணக்கு இருக்கிறதா? ஒன்று இருக்கிறது. செக்கில் வருவது எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு? பில்? இரும்புக்கடைப் பில் எல்லாம் ஒரு கம்பியில் குத்திக் கிடக்கிறது. கம்பி நிறைந்ததும் சாக்கில் கொட்டி வைத்திருக்கிறார்.

"வேலைக்கு வாங்கின காசு?"

நோபர்ட் தயங்கித் தயங்கிச் சுவரைப் பற்றிச் சொன்னார். நத்தார் சுண்ணாம்பைப் பற்றியும் சொன்னார். கைறுன்னிஸா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்க பாஸ். இத்தனை வருஷத்துல சுவரைக் கொண்டு வரச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்ல."

நோபர்ட்டுக்கும் சிரிப்பு வந்தது. கதிரையில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.

கைறுன்னிஸா ஒரு தாளில் எழுதிக்கொண்டே சொன்னார். சாதாரணமாக ஒரு வருஷத்துக் கணக்குத் தயாரித்து, வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுக்க ஆறாயிரம். மூன்று வருஷமும் ஒரே மாதிரி வேலை என்பதால் மூன்றுக்கும் சேர்த்துப் பதினையாயிரம். பில்லைச் சாக்கோடு கொண்டுவந்து கொட்டினால் அதைப் பிரித்து எடுக்கவே ஒரு வாரம் போகும். அதற்கு இன்னொரு மூவாயிரம். வீட்டிலேயே மாசம் மாசமாகப் பிரித்துக் கொண்டுவந்தால் அது மிச்சம். கண்டி வரிக் கந்தோருக்குக் கூப்பிட்டால் கூட வருவதற்கு ஆயிரத்தைந்நூறு, பஸ் காசு தனி. கடிதத்துக்குப் பதில் எழுதுவதெல்லாம் இதற்குள் அடக்கம். வற் பதியும் அளவுக்கு அவருடைய தொழில் வரவில்லை. அந்தச் செலவே இல்லை.

"காசை மூணு தவணையாத் தந்தாப் போதும். கடைசித் தவணை, கணக்குக் குடுத்த பொறகு."

"வரி குறைஞ்சா அதுல பங்கு?"

கைறுன்னிஸா பேனாவை வைத்தார். "யார் அப்படிக் கேட்டாங்க?"

நோபர்ட் பேர் சொல்லவில்லை.

"யாரா இருந்தாலும் வேணாம், பாஸ். வரி குறையக் குறையத் தனக்குக் காசு கூடும்னா, அந்த ஆள் கணக்கைப் பொய்யா எழுதத்தான் பார்ப்பார். கீழ கையெழுத்து உங்களோடது. நாளைக்கு மாட்டினாலும் நீங்கதான் மாட்டுவீங்க. என் வேலைக்கு இவ்வளவுன்னு முதல்லயே எழுதித் தர்ற ஆளாப் பாருங்க. அது நானா இருக்கணும்னு இல்ல. இன்னும் ஒரு ரெண்டு இடத்துல கேட்டுட்டே வாங்க."

"உள்ள போட மாட்டாங்களா, மிஸ்?"

"எதுக்கு உள்ள போடணும்? கணக்கைக் குடுங்கன்னு எழுதியிருக்காங்க. குடுப்போம். பிந்தினதுக்குக் கொஞ்சம் தண்டம் போடுவாங்க. அவ்வளவுதான்."

படியில் இறங்கி வரும்போது நோபர்ட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அந்தோனியம்மா விடவில்லை. இன்னொரு இடத்தில் கேட்கச் சொன்ன பிள்ளை நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும், அதனாலேயே கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள். கண்டியில் ஒரு பெரிய கந்தோருக்குப் போனார். ஏசி போட்ட அறை. அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். இருபத்தையாயிரத்துக்குக் குறைந்து தங்களுக்குக் கட்டாது என்றார். தேயிலைக் கம்பெனிகளுக்கும் லொறிக் கம்பெனிகளுக்கும் கணக்குச் செய்கிறவர்கள் அவர்கள். அவர் கேட்டதில் தப்பில்லை. அது தனக்கு வேண்டிய அளவு இல்லை என்று நோபர்ட்டுக்கு விளங்கியது. சின்ன வீட்டு ஜன்னலுக்கு யாரும் வங்கிக் கதவு செய்யக் கேட்பதில்லை.

ஒஸ்வல்ட் ஐயாவிடம் வேண்டாமென்று சொல்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே நோபர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டே நின்றார். அந்தோனியம்மா முன்னால் வந்தாள்.

"ஐயா, நாங்க வேற ஆள்கிட்ட குடுத்துட்டோம். பதினஞ்சுக்கு முடிச்சுத் தாறாங்க. எழுதியும் தந்திருக்காங்க."

ஒஸ்வல்ட் ஐயாவின் முகம் கொஞ்சம் மாறியது. "அப்படியா? நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, எதிரே வந்த யாரையோ பார்த்துக் கையசைத்துக்கொண்டே நடந்தார். அவ்வளவுதான். நோபர்ட் இதற்காக ஒரு வாரம் தூக்கம் கெட்டிருந்தார்.

சாக்கு வீட்டுக்கு வந்தது. முன்னறையில் பாயை விரித்து அந்தோனியம்மா அதைக் கொட்டினாள். பழைய பிஸ்கட் டின்களைக் கழுவித் துடைத்து, வருஷத்துக்கு ஒன்றாக வரிசையாக வைத்தாள்; ஒவ்வொன்றுக்குள்ளும் மாசத்துக்கு ஒரு கட்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கூட உட்கார்ந்தார்கள். இரும்புக்கடைப் பில், வெல்டிங் குச்சிப் பில், காஸ் பில், கரண்ட் பில், லொறிக் கூலி. சில பில்களில் மை மங்கிப் போயிருந்தது. இரும்புக்கடை முதலாளியே தன்னுடைய நகல் புத்தகத்தைப் பார்த்து அவற்றை மறுபடியும் எழுதிக் கொடுத்தார். வாங்கிய இரும்பைப் பார்த்தால் செய்த கேட் நோபர்ட்டுக்கு ஞாபகம் வந்தது. "இது யட்டவத்த டீச்சர் வீட்டு கேட். இது சந்தைக்குப் பக்கத்துல ஷட்டர்" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, பெரியவள் கொப்பியில் எழுதினாள். யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்பதும் முக்கால்வாசி ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லாததைப் போய்க் கேட்டார். கேட்டவர்களில் முகம் சுளித்தவர்கள் இரண்டொருவர்தான்.

"நீங்க இவ்வளவு வேலை செஞ்சிருக்கீங்களா?" என்று அந்தோனியம்மா ஒரு நாள் பாயின் நடுவில் இருந்து கேட்டாள். அவள் கேட்ட விதத்தில் நோபர்ட்டுக்கு வெட்கமாக இருந்தது.

டின்களோடு இரண்டு பேரும் கைறுன்னிஸாவிடம் போனார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, முதல் வருஷத்தில் ஓர் இடத்தில் நின்றார்.

"இந்த மாசத்துலேருந்து ஒண்ணுமே இல்லையே, பாஸ். பில் தொலைஞ்சு போச்சா?"

நோபர்ட் ஜன்னல் பக்கம் பார்த்தார். மின்விசிறி ஒரு தடவை இந்தப் பக்கமும் ஒரு தடவை அந்தப் பக்கமும் திரும்பியது.

"அப்போ பட்டறை மூடியிருந்துச்சு" என்றாள் அந்தோனியம்மா. "இவரக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. சிலிண்டர் எல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. திரும்பத் தர மாசக்கணக்காச்சு."

கைறுன்னிஸா கையிலிருந்த பில்களைக் கீழே வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"வேலை நடக்கல்ல, வருமானம் இல்லன்னு எழுதுறேன். கொட்டகை வாடகை குடுத்தீங்களா அந்த மாசங்களுக்கு?"

"குடுத்தேன்" என்றார் நோபர்ட்.

"அப்போ அது செலவு. அதையும் போடணும். நடந்ததை நடந்தபடியே எழுதினாப் போதும்."

அவர் எழுதுவதை நோபர்ட் பார்த்துக்கொண்டிருந்தார். வரவில் பூச்சியம், செலவில் வாடகை. அந்த மாசங்களைப் பற்றி அதுவரை கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் அவர் என்ன செய்தார் என்றுதான் கேட்டிருந்தார்கள். அவருக்கு என்ன நட்டமென்று கேட்டு ஒருவர் எழுதிக்கொண்டது இதுதான் முதல் தடவை. தோட்டத்துத் தராசும், நனைந்த கூடையும், பேசாமல் நின்ற அம்மாவும் எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசு என்றார். அந்தோனியம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கணக்கு முடிந்தபோது முதல் இரண்டு வருஷத்துக்கும் வரியே வரவில்லை. வருமானம் அந்த அளவைத் தொடவில்லை. மூன்றாவது வருஷம், ஹோட்டல் வேலை வந்த வருஷம், கொஞ்சம் வந்தது. அதோடு தண்டமும் சேர்ந்தால்கூட ஒஸ்வல்ட் ஐயா முதலில் கேட்ட பாதிக் காசுக்குக் கிட்டவும் வராது. எக்கவுண்டனுக்குக் கொடுக்கும் கூலியையும் அடுத்த வருஷக் கணக்கில் செலவாகக் காட்டலாம் என்று கைறுன்னிஸா சொன்னபோது நோபர்ட் நம்பவில்லை. "உங்களுக்குத் தர்ற காசையுமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

கண்டிக்குக் கூப்பிட்டார்கள். கைறுன்னிஸாவும் வந்தார். நோபர்ட் கல்யாணத்துக்குத் தைத்த நீளக் காற்சட்டையைப் போட்டிருந்தார். அடையாள அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தெடுத்துப் பார்த்துக்கொண்டார். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு நடுத்தர வயது அம்மா இருந்தார். நோபர்ட் கதவருகிலேயே கைகட்டி நின்றார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, சிங்களத்தில், "ஏன் நிற்கிறீர்கள்? உட்காருங்கள்" என்றார்.

நோபர்ட் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தார். வெல்டிங் பிளாண்டின் தேய்மானத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. கைறுன்னிஸா பதில் சொன்னார். கூலி ஆளைப் பற்றி ஒரு கேள்வி. அதற்கு நோபர்ட்டே பதில் சொன்னார். பூச்சிய மாசங்களில் அந்த அம்மாவின் விரல் கொஞ்சம் நின்றது. பக்கத்திலிருந்த குறிப்பை வாசித்தார். ஒன்றும் கேட்காமல் தாளைத் திருப்பினார். முத்திரை விழுந்தது. வரியைத் தவணையில் கட்டலாமென்று எழுதிக் கொடுத்தார். முடிந்துவிட்டது.

கைறுன்னிஸாவுக்குக் கண்டியில் வேறு வேலை இருந்ததால் நோபர்ட் தனியாக பஸ் ஏறினார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டுமுன்னமே தூங்கிப்போனார். எங்கே இறக்கிச் சோதிப்பார்களோ என்று வருஷக்கணக்காக பஸ்ஸில் கண்ணை மூடாத மனிதர். அக்குறணை போனது தெரியாது, அளவத்துகொட போனதும் தெரியாது. மாத்தளை பஸ் நிலையத்தில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பினான்.

அந்தோனியம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

நோபர்ட் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "உட்காரச் சொன்னாங்க."

"அது சரி, அப்புறம்?"

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆனால் கதிரையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த வருஷம் வங்கியில் கடன் கேட்டபோது மூன்று வருஷக் கணக்கைக் கேட்டார்கள், அவரிடம் இருந்தது. அந்தக் கடனில் கொட்டகைக்குச் சீமெந்துத் தரை போட்டு, கம்பி வளைக்கும் மெஷின் ஒன்று வாங்கினார். கைறுன்னிஸாவின் கூலி ஆறாயிரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, யுத்தம் மறுபடியும் தொடங்கி எல்லாச் சாமானும் விலை ஏறிய நாட்களில் ஒன்பதைத் தொட்டது. ஒவ்வொரு தடவையும் நோபர்ட் முணுமுணுத்தார். வெல்டிங் குச்சி விலையைச் சொல்லித் தானும் கேட்டுக்குக் கூட்டித்தானே வாங்குகிறார் என்று அந்தோனியம்மா வாயை அடைத்துவிடுவாள்.

டைல் பதிக்கிற மஹ்ரூப் ஒரு நாள் கையில் உறையோடு கொட்டகைக்கு வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"பாஸ், கணக்குப் பார்க்கிறவங்களுக்கு எவ்வளவு குடுக்கணும்?"

நோபர்ட் பிளாண்டை அணைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"முதல்ல உட்காருங்க. உங்களுக்கு ஆள் எத்தனை? பில்லெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

"பில்லா?" என்றார் மஹ்ரூப்.

"சரி. டீ ஒண்ணு குடிப்போம். பொறகு பேசலாம்."